அக்கா தங்கையாக ஐரோப்பா: டூரா, ரயிலா, காரா, ஒரே ஊரில் வீடா?

"நானும் அக்காவும் சின்ன வயசுல இருந்த ஊரை ஒரு தடவை பாத்துட்டு வரணும். டூர் கம்பெனியோட போறதா, நாங்களே டிக்கெட் போட்டுக்கிறதா?" ராயபுரம், பெரம்பூர், எண்ணூர் பக்கத்துப் பெண்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்திருக்கிறது, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, மூட்டும் இன்னும் சொன்னபடி கேட்கிறது. இந்த மூன்றும் ஒன்றாக அமைகிற காலம் ரொம்ப நீளம் கிடையாது. அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

வட சென்னைக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. 1955-ல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நகரத்து ரயில்பெட்டி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு உருவானது. திருவொற்றியூர் என்ஃபீல்டுக்கு வேர் இங்கிலாந்தின் ரெட்டிச்சில். எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரிலேயே லங்காஷயரில் உள்ள ஓர் ஊர் இருக்கிறது. இவற்றோடு துறைமுகமும் கப்பல் கம்பெனிகளும். அப்பாக்கள் வேலைக்காகப் போன இடத்துக்குக் குடும்பமும் போய்ச் சில வருடம் இருந்துவிட்டு வந்ததுண்டு. எங்கள் அப்பா கப்பல் கம்பெனி வேலையில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும், பிறகு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பிலும் இருந்தார். அக்கா அங்கே பள்ளிக்கூடம் போனாள். நான் நர்சரியில் இருந்தேன். அப்புறம் ராயபுரம்தான் எங்களுக்கு ஊர்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், பழைய தோழிகளோடும் தெரிந்தவர்களோடும் அவசரமில்லாமல் உட்காரக் கிடைக்கும் நேரம். வீட்டை அடுத்த வருடம்கூடத் தெருவில் நின்று பார்க்கலாம். எண்பதைக் கடந்த பக்கத்து வீட்டு அம்மாவை அப்படி நம்பித் தள்ளிப்போட முடியாது. எந்த வழி இவர்களுக்கு அதிக மதிய வேளைகளைத் தருகிறதோ அதற்குத்தான் என் ஓட்டு.

இரண்டாவது, உடம்பு. தூரத்தைவிடப் பெட்டி தூக்குவதுதான் ஆளைச் சாய்க்கும். ஐரோப்பாவின் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. எத்தனை ஊரில் இரவு தங்குகிறீர்கள் என்று எண்ணுங்கள். முழங்காலுக்கு வரப்போகும் வேலை தெரிந்துவிடும்.

மூன்றாவது, விலைப்பட்டியலில் வராத செலவு. ஒவ்வொரு வழியிலும் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

நான்காவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் நினைவு வேறு வேறு. பத்து வயதில் அங்கே இருந்தவளுக்குத் தோழிகள், வாத்தியார், அந்த ஊர் மொழி எல்லாம் நினைவில் இருக்கும். நாலு வயதில் இருந்தவளுக்கு ஒரு படிக்கட்டும், ஒரு ஜன்னலும், பேக்கரி வாசனையும் மட்டும் மிஞ்சியிருக்கும். அக்காவின் இடங்களை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் தங்கை துணைக்கு வந்தவளாகிவிடுவாள். ஆளுக்கு ஒரு நாளாவது அவரவர் விருப்பப்படி என்று ஒதுக்க இடம் தருகிற வழியாக இருக்க வேண்டும்.

## ஆள் கிடைத்த பிறகே ஊர்

விமான டிக்கெட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் எந்த வழி நல்லது என்று சொல்லவே முடியாது.

அம்மாவின் பெட்டியில் இருக்கும் பழைய கடிதங்களை எடுங்கள். ஜெர்மனி விலாசத்தில் ‘2000 ஹாம்பர்க்’ என்பதுபோல நாலு இலக்கம் இருந்தால், அந்த அஞ்சல் எண் இப்போது புழக்கத்தில் இல்லை. 1993 ஜூலையில் நாடு முழுக்க ஐந்து இலக்கத்துக்கு மாறிவிட்டார்கள். தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் வைத்துப் புது எண்ணைத் தேடிக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் குடியிருப்பவர்கள் எல்லோரும் நகராட்சியில் விலாசத்தைப் பதிந்தாக வேண்டும். அந்தப் பதிவேட்டிலிருந்து ஒருவரின் இப்போதைய விலாசத்தைச் சிறு கட்டணம் கட்டிக் கேட்டு வாங்க யாருக்கும் வழி இருக்கிறது. பெயரோடு பழைய விலாசமோ பிறந்த தேதியோ கொடுத்து, ஆளைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காட்ட வேண்டும். பாதுகாப்புக் காரணத்துக்காகத் தன் விலாசத்துக்குத் தடை வாங்கியிருப்பவர் என்றால் தரமாட்டார்கள். அக்காவின் வகுப்புத் தோழியை நாங்கள் இப்படித்தான் பிடித்தோம். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் குடும்பப் பெயருக்கு மாறியிருந்தாள். வேறு எந்த வழியில் தேடியிருந்தாலும் அகப்பட்டிருக்க மாட்டாள். பெல்ஜியத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கல்யாணமானாலும் சட்டப்படி பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான், அதனால் பழைய பெயரிலேயே தேடலாம்.

தேடியவர் இறந்துபோயிருக்கலாம். கல்லறைக்காவது போய்ப் பூ வைக்கலாம் என்று நினைத்தால், அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். ஜெர்மனியில் கல்லறை இடம் குத்தகைக்குத்தான். பொதுவாக 20 முதல் 30 வருடம். குடும்பம் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். ஹாம்பர்க்கின் ஓல்ஸ்டோர்ஃப் இடுகாடு உள்ளேயே பஸ் ஓடுகிற அளவுக்குப் பெரியது. இடத்தின் எண் தெரியாமல் போய் நின்றால் ஒரு பகல் முழுக்க வீணாகும்.

பழைய வீட்டில் இப்போது குடியிருப்பவர்களுக்கும் ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். நாங்கள் யார், எந்த வருடங்களில் இங்கே இருந்தோம், இன்ன தேதியில் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போக ஆசை என்று நாலு வரி போதும். பழைய போட்டோ ஒன்றின் நகலைக் கூட வையுங்கள். திடீரென்று கதவைத் தட்டுகிற இரண்டு பேரை வரவேற்கும் பழக்கம் அங்கே குறைவு. கடிதம் போட்டுவிட்டுப் போனால் காபி கொடுத்து உட்காரவைத்தும் பேசுவார்கள்.

## விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 29 நாடுகளுக்கு ஒரே விசா, எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், எல்லா நாட்டிலும் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாட்டுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை கொடுக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். சுகர், பிரஷர் இருப்பவர்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பாலிசி பணம் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலிவான பாலிசிகள் அதைத்தான் விட்டுவிடுகின்றன.

ரெட்டிச், லேலண்ட் பக்கம் போக வேண்டியவர்களுக்கு ஷெங்கன் விசா உதவாது. பிரிட்டனுக்குத் தனி விசா, தனிக் கட்டணம். இரண்டு பக்கமும் தோழிகள் இருந்தால், ஒரே பயணத்தில் இரண்டையும் திணிக்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

## 1. குரூப் டூர், முடிந்ததும் சில நாள் கூடுதல் தங்கல்

டூர் கம்பெனிகள் விசா பேப்பர்களைத் தயார் செய்து தரும், ஏர்போர்ட்டில் ஆள் நிற்பார், ராத்திரி நம் சாப்பாடு கிடைக்கும். முதல் முறை வெளிநாடு போகிறவர்களுக்கு இந்தத் தைரியம் சாதாரண விஷயம் இல்லை. கூடவே பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் பார்க்கும் ஆசையும் இருந்தால் இது பொருந்தும்.

ஆனால் உங்கள் அப்பா வேலை பார்த்த ஊர் டூர் பாதையில் வருவது அரிது. அங்கே போக டூர் முடிந்ததும் குரூப்பிலிருந்து பிரிந்து தங்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் இதை டீவியேஷன் என்பார்கள். குரூப் டிக்கெட்டின் திரும்பும் தேதியை மாற்றத் தனிப் பணம். சில டிக்கெட்டில் மாற்றவே முடியாது. இதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். கூடுதல் நாட்களால் அதிக நாள் தங்கும் நாடு மாறிவிட்டால் விசா கொடுக்க வேண்டிய நாடும் மாறலாம், குரூப்போடு சேர்ந்து கொடுக்கும் வசதி போய்விடும். டிரைவருக்கும் டூர் மேனேஜருக்கும் டிப்ஸ், ‘ஆப்ஷனல்’ என்று தனியாக வசூலிக்கும் இடங்கள், பேக்கேஜ் மேல் முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டிசிஎஸ்ஸை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இருக்காது.

பணத்தைவிட என்னைத் தயங்கவைப்பது வேறு. தினமும் விடியற்காலை எழுந்து பஸ் பிடித்து, கடைசியில் களைத்துப்போய்த் தோழி வீட்டுக்கு வந்து சேர்வீர்கள். எந்த நாட்களுக்காக இவ்வளவு தூரம் வந்தோமோ அந்த நாட்களில்தான் உடம்பு ஓய்வு கேட்கும். டூர்தான் என்று முடிவானால், கூடுதல் தங்கலை முன்னால் வைத்து டூரைப் பின்னால் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

## 2. ரயிலில், ஊர் ஊராக

அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் ஆகி, நாலைந்து ஊரில் வளர்ந்த சகோதரிகளுக்கு ரயில்தான் வசதி. நகரத்தின் நடுவிலேயே ஏறி நடுவிலேயே இறங்கலாம். ஆண்ட்வெர்ப் சென்ட்ரல் மாதிரி 1905-ல் திறந்த ஸ்டேஷனில் இறங்கினால், அந்தக் குவிமாடத்துக்குக் கீழே நிற்கும்போதே பழையது பாதி திரும்ப வந்துவிடும்.

யூரெயில் பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. குளோபல் பாஸ் 33 நாடுகளில் செல்லும், 60 வயதுக்கு மேல் 10% சலுகை உண்டு. அதில் மறைந்திருக்கும் செலவு இருக்கைப் பதிவு. ஈரோஸ்டார், பிரான்சின் டிஜிவி போன்ற ரயில்களில் பாஸ் இருந்தாலும் பதிவுக் கட்டணம் தனியாகக் கட்டியே ஆக வேண்டும். ஜெர்மனிக்குள் ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் அது கட்டாயமில்லை. மொத்தமே மூன்று நீண்ட பயணம்தான் என்றால், பாஸை விட்டுவிட்டு ஜெர்மன் ரயில்வேயின் முன்பதிவுச் சலுகை டிக்கெட்டுகளைப் பாருங்கள். பெரும்பாலும் மலிவாக முடியும். அந்த டிக்கெட்டில் குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும்.

ஜெர்மன் ரயில் கடிகாரம் பார்த்து வரும் என்று அப்பா காலத்துப் பேச்சை நம்பிக் கிளம்பாதீர்கள். 2024-ல் அங்கே நீண்டதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5% மட்டுமே. ஹாம்பர்க்கிலிருந்து கொலோன், பிரஸ்ஸல்ஸ் வழியாக ஆண்ட்வெர்ப் போவது போன்ற பயணத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி வையுங்கள். ஒரு மணி நேரத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் கால் பங்கும், இரண்டு மணி நேரத்துக்குப் பாதியும் கேட்டுப் பெற உரிமை உண்டு. சேர வேண்டிய இடத்துக்கு 20 நிமிடம் தாமதமாகும் என்று தெரிந்தாலே, சலுகை டிக்கெட்டை வைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறலாம்.

இரண்டு இரவுக்கு ஒரு முறை ஊர் மாறினால் ஒரு நாள் பயணத்துக்கும் ஒரு நாள் களைப்புக்கும் போய்விடும். தோழியோடு உட்காருவது ஒரே ஒரு மதியமாகச் சுருங்கும்.

## 3. வாடகைக் கார்

இரண்டு பேருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். ஆனால் வலப்பக்கமாக ஓட்ட வேண்டும், ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அதிக வாடகை, வேறு ஊரில் விட்டால் அதற்குத் தனி, கிரெடிட் கார்டில் பெரிய தொகை முடங்கும். ஜெர்மன் நகரங்கள் பலவற்றுக்குள் நுழைய, வண்டியின் புகை அளவுக்கான பச்சை ஸ்டிக்கர் வேண்டும். ஆண்ட்வெர்ப் நகருக்குள் போக ஜெர்மனியில் எடுத்த வண்டியை முன்பே பதிந்திருக்க வேண்டும். இத்தாலியப் பழைய நகரங்களில் தடை செய்த தெருவுக்குள் தெரியாமல் நுழைந்தால், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து ராயபுரம் விலாசத்துக்கே வரும்.

பஸ்கூடச் சரியாக வராத கிராமத்தில் வளர்ந்திருந்தாலோ, நாலு பேராகப் போனாலோ கார் நல்லது. அப்போதும் பக்கத்து நகரம் வரை ரயில், அங்கிருந்து இரண்டு நாளுக்கு மட்டும் கார்.

## 4. ஒரே ஊரில் வீடெடுத்துத் தங்குவது

நாங்கள் செய்தது இதுதான். ஹாம்பர்க்கில் பழைய தெருவுக்குப் பக்கத்தில் சமையலறையோடு ஒரு சின்ன ஃபிளாட். பயணத்தின் கடைசியில் மட்டும் ஆண்ட்வெர்ப் போய் வந்தோம். சென்னையிலிருந்து லுஃப்தான்சா நேரடியாக ஃபிராங்க்ஃபர்ட் போகிறது. அங்கிருந்து ஹாம்பர்க்குக்கு ரயிலில் நாலு மணி நேரம் போல. பெட்டியை ஒரு முறை மேலே ஏற்றினால் போதும்.

தோழி முதல் நாள் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவாள். இத்தனை வருட இடைவெளியில் முதல் சந்திப்பு கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். மொழி மறந்திருக்கும், பிள்ளைகள், வேலை என்று மேலோட்டமாகப் பேசி முடியும். மூன்றாவது தடவை வரும்போதுதான் அவள் அம்மா எப்படி இறந்தாள் என்று சொல்லுவாள். அந்த மூன்றாவது தடவை ஒரே ஊரில் தங்கியவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. அக்கா தோழியோடு இருந்த மதியங்களில் நான் தனியாக என் நர்சரி இருந்த தெருவுக்குப் போனேன். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

சமையலறை கையில் இருந்தால் நாமும் அவர்களைச் சாப்பிடக் கூப்பிடலாம். ஹாம்பர்க்கில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூடும் மீன் சந்தை 1703-லிருந்து நடக்கிறது. காசிமேட்டு வஞ்சிரமும் சங்கராவும் கிடைக்காது; அங்கே கிடைக்கும் காட் மீனில் குழம்பு வைத்தாலும் ருசியாகத்தான் இருக்கிறது. வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அதனால் பால்கோவாவைப் பெட்டியில் வைக்காதீர்கள். கருவாடு சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. தேங்காய்க்கும் தடையில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பொடியில் சேர்த்து அரைத்துக்கொண்டு போங்கள்.

இதிலும் மறைந்திருக்கும் செலவு உண்டு. கிளம்பும்போது சுத்தம் செய்யும் கட்டணம், சில வீடுகளில் படுக்கை விரிப்புக்குக்கூடத் தனி, நகர வரி, முன்வைப்புத் தொகை. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனியன்றே அரிசி, பால் வாங்கிவிடுங்கள். ஜெர்மனியில் வீடுகளில் புகை அலாரம் கட்டாயம்; ஜன்னலைத் திறக்காமல் மிளகாய் தாளித்தால் அது அலறும். ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் கூடாது. மாதம் 63 யூரோ டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்தால் நகர பஸ், மெட்ரோ, பிராந்திய ரயில் எல்லாம் ஏறலாம், ஐசிஇ போன்ற நீண்டதூர ரயில்களில் செல்லாது. அது சந்தா முறை. அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுப்பார்கள்.

## ஒரே பார்வையில்

| | ஆட்களோடு நேரம் | உடம்புக்கு | எதிர்பாராத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| டூரும் கூடுதல் தங்கலும் | மிகக் குறைவு | விடியற்காலை ஓட்டம் | டீவியேஷன், டிப்ஸ், டிசிஎஸ் | முதல் வெளிநாட்டுப் பயணம் |
| ரயில் | நடுத்தரம் | அடிக்கடி பெட்டி தூக்கல் | இருக்கைப் பதிவு, தாமதம் | நாலைந்து ஊரில் வளர்ந்தவர்கள் |
| கார் | நடுத்தரம் | ஓட்டுபவருக்கு மட்டும் கஷ்டம் | அபராதம், டெபாசிட் | கிராமத்து வீடு, நாலு பேர் |
| ஒரே ஊரில் வீடு | அதிகம் | எளிது | சுத்தக் கட்டணம், நகர வரி | ஒன்றிரண்டு ஊர், வயதான தோழிகள் |

## "எங்க வீட்லயே தங்குங்க" என்றால்

கூப்பிடுவார்கள். மனசார கூப்பிடுவார்கள். இரண்டு இரவுக்குச் சரி என்று சொல்லுங்கள், அதற்கு மேல் தனி வீடு. அவர்களுக்கும் வயதாகிவிட்டது, குளியலறை ஒன்றுதான் இருக்கும், நமக்காகப் படுக்கையறையை விட்டுக்கொடுத்துவிட்டு ஹாலில் படுப்பார்கள். விருந்தாளியாக இருக்கும்வரை அக்காவும் தங்கையும் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வதற்குக்கூடக் கூச்சம் வரும். பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி இருவரும் அழுதுகொண்டே பேச ஓர் அறை வேண்டும்.

அவர் வீட்டில்தான் தங்குவது என்று உறுதியானால் விசாவுக்கு அதற்கான பேப்பர் தேவை. பிரான்சில் அழைப்பவர் தன் ஊர் நகராட்சியில் வரவேற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். ஜெர்மனியில் உங்கள் செலவை அவர் ஏற்பதாக இருந்தால், அயல்நாட்டவர் அலுவலகத்தில் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். எண்பது வயது ஆளை இதற்காக அலையவிடுவதை யோசித்துக்கொள்ளுங்கள்.

## எந்த மாதம்

ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. தோழிகள் பேரப்பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போயிருப்பார்கள், வாடகையும் அதிகம். டிசம்பரில் ஹாம்பர்க்கில் பகல் ஏழரை மணி நேரம்தான். நாலு மணிக்கே இருட்டிவிடும், பழைய தெருவைக் கண்ணாரப் பார்க்க முடியாது. செப்டம்பர்தான் என் பரிந்துரை. தேடல் கடிதங்களைப் பொங்கல் கழிந்த கையோடு அனுப்பினால், பதில் வந்து தேதி முடிவாகி, ஏப்ரலில் விசாவுக்குக் கொடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கடிதத்தில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். மதியம் மூன்று மணி காபிக்கு என்று சொன்னால் அங்கே மூன்றுக்குக் கேக்கை வெட்டி வைத்துக் காத்திருப்பார்கள்.